பின்வரிசையில் வந்து உட்காருங்கள், மக்களே

திடப்படுத்தல் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கும் குமரி மாவட்டத்துச் சபைகளின் வாலிபப் பிள்ளைகளுக்கு, மயிலாடியிலிருந்து.

இன்னும் சில மாதங்களில் பேராயர் உங்கள் தலைமேல் கைவைத்து ஜெபிப்பார். வெள்ளை உடுப்பு தைக்கக் கொடுத்தாயிற்று. விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறீர்கள், நானே கேட்டிருக்கிறேன். இருபத்தெட்டு வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். நீங்கள் படித்ததில் குறை கண்டுபிடிக்க இதை எழுதவில்லை. உங்களுக்கு நாங்கள் சொல்லித்தராமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களை அந்த ஆராதனைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன் பிள்ளைகள் சிலரிடம் கேட்டேன்: இயேசுவைப் பற்றி உனக்கு முதன்முதலில் சொன்னது யார்? ஒருத்தி, முகாமில் பேசின அண்ணன் என்றாள். ஒருவன் யூடியூபில் பேசும் ஒரு பிரசங்கியாரைச் சொன்னான். இரண்டு பேர் பாடப் புத்தகம் என்றார்கள். நாலு பேரையும் பிறந்த நாள் முதல் எனக்குத் தெரியும். நாலு வீட்டிலும் அந்தி சாயும் நேரத்தில் பாயை விரித்து, பேரப்பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணின பாட்டிகள் இருந்தார்கள். இரண்டு பேர் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னது போதனை என்றே பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நம் மண்ணுக்கு இந்த விசுவாசம் எப்படி வந்தது என்று கேட்டால், மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் கொண்டுவந்தார் என்று உடனே பதில் சொல்வீர்கள். 1806 ஏப்ரல் 25-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அவர் திருவிதாங்கூருக்குள் வந்தது உண்மை. ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மயிலாடியில் ஒருவர் சொல்லத் தொடங்கியிருந்தார். சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் அவர். சிதம்பரம் கோயிலுக்கென்று புறப்பட்டுப் போனவர், தஞ்சாவூரில் கிறிஸ்தவர்களாயிருந்த தம் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார். அங்கே ஆலயத்தில் கேட்டது அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கே மிஷனரியாயிருந்த கோலாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார்.

திரும்பி வந்தபோது அவருக்கு இங்கே சபை கிடையாது, ஐயர் கிடையாது, கோயில் கிடையாது. வீட்டாரையும் சொந்தக்காரரையும் உட்கார வைத்து, தான் கேட்டதைச் சொன்னார். எதிர்ப்பு வந்தது; அப்படியும் சொன்னார். கேட்கிற கூட்டம் இங்கே உண்டான பிறகுதான் ஐயர் வந்தார். 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. நாகர்கோவிலில் இருக்கும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வயதை அந்த 1809-லிருந்துதான் எண்ணுகிறது. தாமரைகுளம், ஈத்தாமொழி, பிச்சைக்குடியிருப்பு என்று சபைகள் முளைத்தன.

1816-ல் உடல் நலிந்து ரிங்கல்தௌபே புறப்பட்டுப் போனார். போனவர் எந்த மண்ணில் அடக்கமானார் என்பதற்குக்கூட அடையாளம் இல்லை. அவர் கையிலிருந்த பொறுப்பு வேதமாணிக்கத்தின் கைக்கு வந்தது. சார்லஸ் மீட் ஐயர் வந்து சேரும்வரை ஏறக்குறைய இரண்டு வருடம், வெள்ளைக்கார மிஷனரி ஒருவரும் இல்லாமல், நம் ஊர் மனிதர் ஒருவர் சபைகளை நடத்தினார். அந்த இரண்டு வருடத்தில் அறுந்து போயிருக்கவேண்டிய சங்கிலி அறுந்துபோகவில்லை. கேட்டவர் சொன்னார், அதைக் கேட்டவர் இன்னொருவருக்குச் சொன்னார். உங்களிடம் வந்திருப்பது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதற்கு முந்தின கண்ணி யார் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில், தூணோரமாக, ஃபேன் காற்று எட்டாத பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களிடம் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் கேட்டு வாங்கினதில் இரண்டைச் சொல்கிறேன்.

'ஊழியம்' என்ற சொல்லை நீங்கள் தினமும் சொல்கிறீர்கள். வாலிபர் ஊழியம், பாடல் ஊழியம், சிறுவர் ஊழியம். எண்பத்து நாலு வயதான ஒரு பாட்டா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "எனக்க பாட்டா அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டாரு. அவருக்க பாட்டா சொன்னதாட்டு எங்கிட்ட சொல்லியிருக்காரு, ஊழியம்னா அடின்னு அர்த்தமாம்." அவர் சொன்னது சரித்திரம். திருவிதாங்கூரில் ஊழியம் என்பது தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்தார் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய வேலை. கூப்பிட்ட நேரத்துக்குப் போகவேண்டும், போகாவிட்டால் தண்டனை. கர்னல் மன்றோ இங்கே ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த காலத்தில்தான், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு இழுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. வாரத்தில் ஒரு நாள் இந்த உடம்பு யாருக்கும் சொந்தமில்லை, தேவனுக்கு மட்டும் சொந்தம் என்று சொல்லக் கிடைத்த முதல் நாள் அது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகாதே, தையல் மிஷினைத் தொடாதே என்று பாட்டி சொன்னால் பழைய காலத்துப் பிடிவாதம் என்று சிரிக்கிறோம். பிடிவாதம் என்று அதைச் சொன்னது தப்பு என்று அந்தப் பாட்டாவின் திண்ணையில்தான் எனக்கு விளங்கிற்று. அவர்களுடைய ஓய்வுநாள் வாங்கின ஓய்வுநாள். அடிமைச் சொல்லாக இருந்த ஊழியம் என்ற சொல்லையே எடுத்துத் துடைத்து, மனப்பூர்வமாகச் செய்யும் சேவைக்குப் பெயராக வைத்துக்கொண்டார்களே, அந்தத் துணிச்சலை எந்த வேதபாட வகுப்பில் உங்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தோம்? யாத்திராகமத்தை முப்பது தடவை நடத்தியிருக்கிறேன். எகிப்து நம் பக்கத்து வயலில் இருந்தது என்று ஒருதடவைகூடச் சொன்னதில்லை.

இரண்டாவது, பிடியரிசி. எண்பதைத் தாண்டின ஒரு பாட்டி, கண் மங்கிவிட்டது, நடமாட்டம் அடுக்களைக்கும் முற்றத்துக்கும் மட்டும். அடுப்புமேடையில் உப்புச் சாடிக்குப் பக்கத்தில் மூடி போட்ட சின்ன மண்கலயம் ஒன்று இருக்கிறது. உலைக்கு அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்து அதில் போடுவாள். மாதம் முடிந்தால் கோயிலுக்கு. மருமகள் இப்போது குக்கரில் சமைக்கிறாள். அளந்து போடுவது டம்ளரில். ஆனாலும் பாட்டி தட்டித் தடவி வந்து கையை நீட்டுவாள். மருமகள் அவள் உள்ளங்கையில் அரிசியை வைப்பாள். பாட்டி விரல்களை மெதுவாக மூடி, கலயத்துக்குள் கையை விட்டு, உடனே திறக்கமாட்டாள். உதடு அசையும். பிறகுதான் அரிசி விழும் சத்தம் கேட்கும்.

நான் கேட்டேன், "பாட்டி, யுத்த காலத்தில் அரிசியே கிடைக்காமல் மரச்சீனிக் கிழங்கு தின்னு கிடந்தீங்களே, அப்ப இந்தக் கலயத்தில என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல்ல மக்களே. நான் அப்பம் சின்னப்பிள்ள. எனக்க அம்மை வெறுங்கையை உள்ள விட்டு ஜெபம் பண்ணிட்டு எடுப்பா. அடுத்த வீட்டுல அடுப்பு எரியலேன்னா அவங்க பேரைச் சொல்லி எடுப்பா."

காணிக்கையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். கொடுத்தால் ஆண்டவர் இரட்டிப்பாகத் தருவார் என்பதே அநேகம். வெறுங்கையைக் கலயத்துக்குள் விட்டு, பட்டினி கிடக்கும் அயல்வீட்டுப் பேரைச் சொல்லி எடுத்த அந்த அம்மைக்கு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது என்று ஏதும் இல்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. நீங்கள் ஃபோனில் கேட்கும் செழிப்பின் உபதேசத்தை அந்தக் கலயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றுதான் உங்களிடம் கேட்கிறேன். எது சுவிசேஷம் என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்காது.

உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எங்கள்மேல் அதைவிடப் பெரிய வருத்தம். ஒரு சபையில், பேர் வேண்டாம், வருடத்துக்கு ஒருதடவை முதியோரை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். பதினெட்டுப் பேர் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் கைதட்டல், ஒரு ஃபோட்டோ. ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரமில்லையாம். அதே சபையில் அந்தப் பதினெட்டில் ஒருவர் நாலு மாதத்தில் காலமானார். அடக்க ஆராதனையில் அரைப்பக்க வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கப்பட்டது. அவர் இளவயதில் பத்து மைல் நடந்து போய் வாரம்தோறும் பள்ளிக்கூடமில்லாத ஒரு ஊரில் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தவர் என்று அன்றுதான் வாலிபர்களுக்குத் தெரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பையன் என்னிடம், "டீச்சர், இவர்தான் எனக்குப் பின்னால உட்கார்ந்து சத்தமா ஆமென் சொல்லுவாரு, எரிச்சலா இருக்கும்" என்று சொல்லி அழுதான். அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். முன்பே சொல்லாமல் விட்டது நாங்கள்.

யோர்தானைக் கடந்ததும் யோசுவா பன்னிரண்டு கல்லை எடுத்து நாட்டச் செய்தார் என்று படித்திருக்கிறீர்கள். நாளைக்குப் பிள்ளைகள், இது என்ன கல் என்று கேட்கவேண்டும் என்பதற்காக. மயிலாடிக்காரிக்கு இந்த இடம் வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு நின்று போகும். உளிச் சத்தத்தில் கண்விழிக்கும் ஊர் எங்களுடையது. எத்தனை கோயில்களுக்கு இங்கிருந்து சிலை போகிறது என்று உங்களுக்கே தெரியும். கல்லின் வேலை எங்களுக்குத் தெரியும். செதுக்கினவர் பக்கத்தில் இருந்து சொல்லாவிட்டால் எந்தக் கல்லும் ஊமைதான். யோசுவாவின் கல்லும் அப்படியே. கேட்கப் பிள்ளையும், சொல்லப் பெரியவரும் இருந்தால்தான் அது பேசும். ஆலயச் சுவரில் பதித்த கல்வெட்டில் வருடம் இருக்கிறது. அந்த வருடத்தில் யார் வீட்டு நகை விற்று அந்தச் சுவர் எழும்பியது என்பது ஒரு பெரியவரின் வாயில் இருக்கிறது.

நீங்கள் தைக்கக் கொடுத்திருக்கும் வெள்ளை உடுப்பு கூட அப்படி ஒரு கல்தான், பெண்பிள்ளைகளே. மார்பை மறைக்கத் தோள்சீலை போட்டதற்காகச் சந்தையில் வைத்துக் கிழித்து அவமானப்படுத்தப்பட்டவர்களின் வழிவந்த பேத்திகள் நீங்கள். 1859-ல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வரும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை. அந்த அனுமதியும் எல்லாக் குலத்துப் பெண்களுக்கும் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. உங்கள் வீட்டு மூத்த பாட்டியிடம், அந்தக் காலத்து மேற்சட்டையின் பேரான 'குப்பாயம்' என்பதை மட்டும் சொல்லிப் பாருங்கள். பிறகு அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

நீங்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்கிறது. பெரியவர்கள் எல்லாரும் இப்படி இல்லை, டீச்சர். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நோய் வந்தால் பாவம் என்கிறார்கள். சாதி பார்க்கிறார்கள்.

உண்மை. அதை மறைக்க நான் வரவில்லை. கடைசிக் குற்றச்சாட்டுக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் சபைகளின் புண். சாம்பவர் குலத்தவர் ஒருவரால் வேர்விட்ட சபை நம்முடையது. அதே சபைக்குள் பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு மூப்பர். வேதமாணிக்கத்தின் கதையை அவரைப்போல் உருகிச் சொல்ல ஆளில்லை. தன் பேத்தி வேறு குலத்துக் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, கூடாது என்றவரும் அவர்தான். ஒருநாள் கதையைச் சொல்லி முடித்ததும் நான் கேட்டேன், "பாட்டா, வேதமாணிக்கம் இண்ணைக்கு உங்க வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தா?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நாலாம் வாரம் ஆராதனை முடிந்து படியிறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி, "தப்புன்னு எனக்குத் தெரியும் மக்களே. வாயி வரல்ல" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியின் கல்யாணத்துக்கு அவர் போகவும் இல்லை.

பாவஅறிக்கையை ஒவ்வொரு ஆராதனையிலும் கூட்டமாகச் சொல்கிறோம். எண்பது வயதில், ஆலயப் படியில், ஒரு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன அந்த அரைகுறை அறிக்கையைப்போல ஒன்றை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவருடைய விசுவாசத்திலிருந்து படித்தேன். அந்த விசுவாசம் எங்கே இடறி நின்றது என்பதிலிருந்தும் படித்தேன். நீங்கள் அவர் நின்ற இடத்திலிருந்து அடுத்த அடி எடுத்து வைக்கவேண்டும். அவர் எங்கே நின்றார் என்று தெரியாமல் எப்படி எடுத்து வைப்பீர்கள்? பெரியவர்களைப் பரிசுத்தவான்களாக்கச் சொல்லவில்லை. கேட்கச் சொல்கிறேன், எதிர்த்தும் கேட்கச் சொல்கிறேன்.

என் கதையையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னை வளர்த்தது என் அம்மையின் அம்மை. அவள் வேதப்புத்தகம் என்னிடம் இருக்கிறது. அட்டை போய், நூலால் கட்டி வைத்திருக்கிறேன். முதல் வெற்றுத் தாளில் பிள்ளைகள் பிறந்த தேதிகள், இரண்டு பிள்ளைகள் செத்த தேதிகள். சங்கீதப் பக்கங்களுக்கு நடுவில் பொடிந்துபோன குருத்தோலைத் துண்டு. ஒரு சங்கீதத்தின் ஓரத்தில் பென்சிலால், கோணல்மாணலான எழுத்தில், 'வெள்ளிக்கிழமை. நல்ல மழை' என்று எழுதியிருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது? யார் வந்தார்கள், யார் போனார்கள்? அந்த மழையில் ஏன் அந்தச் சங்கீதத்தைத் திறந்தாள்? எனக்குப் பதினேழு வயதாகும்வரை அவள் உயிரோடு இருந்தாள். அந்தப் புத்தகம் தினமும் என் கண்முன் இருந்தது. ஒருநாள் திருப்பிப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கல்லூரிக்குப் போகிற அவசரத்தில் இருந்தேன். இப்போது அந்தச் சங்கீதத்தைப் பற்றி எத்தனை விளக்க நூல் வாசித்தாலும், எனக்கு வேண்டியது அந்த ஓரத்தில் நிற்கிறது, அதை வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் அவன் பாட்டி லோவிசாளின் பேரைத்தான் முதலில் எழுதுகிறார். பிறகு தாய் ஐனிக்கேயாள். அந்தப் பாட்டி என்ன சொன்னாள் என்று வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. தீமோத்தேயு கேட்டிருந்தான், அதனால் எழுதவேண்டியிருக்கவில்லை.

அதனால் என் வேண்டுதல் இது. திடப்படுத்தலுக்கு முன் உங்களில் ஒவ்வொருவரும் எழுபத்தைந்து வயதைத் தாண்டின ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். சொந்தப் பாட்டியாக இருக்கவேண்டாம். முடிந்தால் உங்கள் குலமோ உங்கள் தெருவோ இல்லாத ஒருவர். வாரத்துக்கு ஒரு சாயங்காலம், வகுப்பு முடியும்வரை, அவர் வீட்டுக்குப் போங்கள். திடப்படுத்தல் நாளில் அவர் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்; நடக்கமுடியாதவரானால் ஆட்டோ பிடித்துக் கூட்டிவாருங்கள், நாற்காலி நான் போடுகிறேன். இதை வகுப்பின் பாகமாக்கவேண்டும் என்று போதகரையும் சபைக் கமிட்டியையும் கேட்க இருக்கிறேன். ஆனால் அவர்கள் தீர்மானம் எழுதும்வரை நீங்கள் காத்திருக்கவேண்டாம். எண்பத்தாறு வயதுக்காரர்களுக்குக் காத்திருக்க நேரம் குறைவு.

போகும்போது முதல் நாளே ஃபோனை நீட்டி ரிக்கார்டு பண்ணாதீர்கள். அவர்கள் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். நோட்டும் பேனாவும் போதும், அதுவும் மூன்றாம் வாரத்தில். உங்கள் விசுவாசம் என்ன என்று கேட்காதீர்கள், பதில் வராது. எந்த வருஷம் கிணறு வற்றியது, அப்போது எங்கே ஜெபம் பண்ணினீர்கள் என்று கேளுங்கள். எந்தப் பிள்ளை செத்தது, அடக்கத்துக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கேளுங்கள். வீட்டில் பழைய வேதப்புத்தகம் இருந்தால் ஓரங்களைத் திருப்பிப் பாருங்கள். பென்சில் எழுத்து இருந்தால் வாசித்துக் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். சொன்னதையே சொன்னால் சொல்லட்டும். நாலாம் தடவை சொல்லும்போது புதிதாக ஒரு பேர் வரும். காப்பி தந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். காது கேட்காதவரானால் எந்தப் பக்கம் கேட்கும் என்று விசாரித்து அந்தப் பக்கமாக உட்காருங்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். பின்வரிசை பெஞ்சில் நான் இருப்பேன். யாருக்கு யார் என்று அங்கே வைத்துப் பேசிக்கொள்ளலாம். பிடியரிசிக் கலயம் வைத்திருக்கிற பாட்டியிடம் இரண்டு பேர் வரலாமா என்று கேட்டு வைத்திருக்கிறேன். "நாலு பேரு வரட்டும்" என்று சொல்லியிருக்கிறாள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள்,
ஓய்வுநாள் பள்ளி டீச்சர்
மயிலாடி